பெயர்ப்பலகையில் மட்டும் மொன்டிசோரி

எங்கள் ஊரில் முன்பள்ளிக்குப் பேச்சில் மொன்டிசோரி என்றே பெயர். "பிள்ளையை மொன்டிசோரியில விட்டிட்டு வாறன்" என்போம். உள்ளே எட்டிப் பார்த்தால் மூன்றரை வயதுப் பிள்ளை கொப்பி நிறைய 'அ' எழுதிக்கொண்டிருக்கும். திருகோணமலையில் பதினொரு வருடமாகச் சின்னப் பிள்ளைகளோடு இருக்கிறேன். இன்றைக்கும் அந்தக் காட்சி மனதைப் பிசைகிறது.

இத்தாலிய மருத்துவரும் கல்வியாளருமான மரியா மொன்டிசோரி 1907இல் ரோமில் தன் முதல் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கியவர். 1944இல் இலங்கைக்கே வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். பெயர் இங்கே வேரூன்றியது. பிள்ளை பொருட்களைத் தொட்டு, தன் வேகத்தில் தானே கற்கும் அவருடைய முறைதான் பாதி வழியில் நின்றுவிட்டது.

நான் முன்பு வேலை செய்த இடத்தில் எல்லா உபகரணமும் இருந்தது. இளஞ்சிவப்புக் கோபுரம் தெரியும்தானே, 1 சென்ரிமீற்றரில் இருந்து 10 வரை பத்துக் கட்டைகள், பெரியதில் தொடங்கிச் சிறியது வரை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க வேண்டும். நான்கு வயதுப் பையன் ஒருவன் அடுக்கினான். ஒன்று மாறி வைத்ததில் சரிந்தது. யாரும் பிழை என்று சொல்லவில்லை. தானே உற்றுப் பார்த்தான், கையால் தடவினான், முதலில் இருந்து தொடங்கினான். எட்டுக் கட்டை ஏறிவிட்டது. மணி அடித்தது, பாட்டு நேரம். மிச்ச இரண்டையும் கையில் பிடித்தபடி என்னைப் பார்த்தான். நான்தான் அவற்றை வாங்கிப் பெட்டியில் போட்டேன்.

மொன்டிசோரி முறையையும் பாட்டு, கதை, கருப்பொருள் என்று போகும் வழமையான முன்பள்ளி முறையையும் சேர்க்கலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில் இதுதான்: தாராளமாகச் சேர்க்கலாம், ஆனால் நேரத்தைத் துண்டு போடாதீர்கள். இருபது நிமிடத்துக்கு ஒரு பாடம் என்றால் அந்தக் கட்டைகள் வெறும் விளையாட்டுச் சாமான்தான். காலையில் முதல் இரண்டு மணித்தியாலம் பிள்ளைக்கு. பிறகு வட்டமாக இருந்து பாட்டு, கதை, அந்தக் கிழமைக்குரிய கருப்பொருள்.

அந்தப் பகுதியும் வேண்டும். ஆறு வயதுக்குள் கற்பனைக் கதையை விட நிஜப் பொருள்தான் முக்கியம் என்பது மொன்டிசோரியின் நிலைப்பாடு. அதில் எனக்கு முழு உடன்பாடில்லை. 'கடல்' கருப்பொருள் வந்தால் எங்கள் பிள்ளைகள் மீன் சந்தை போட்டு விலை பேசுவார்கள். "சூடை என்ன விலை?" என்று கேட்டுச் சிப்பியை எண்ணிக் காசாகக் கொடுப்பார்கள். பேச்சும் கணக்கும் அங்கேயே வந்துவிடுகின்றன.

சரி, முதலாம் ஆண்டுக்குப் போனதும் எழுதச் சமாளிப்பார்களா? பெற்றோரின் பயம் எனக்கு விளங்குகிறது. "கொப்பியில ஒண்டுமே இல்லையே டீச்சர்" என்பார்கள். சொரசொரப்பான தாளில் வெட்டிய 'க'வை விரலால் பலநாள் தடவிய பிள்ளைக்குப் பென்சில் பிடித்ததும் கை வழி தேடித் தடுமாறுவதில்லை. வருடா வருடம் பார்க்கிறேன்.

ஜனவரிக்குப் பிள்ளையைச் சேர்க்கப் போகிறவர்கள் கொப்பியைப் புரட்டிப் பார்க்க வேண்டாம். ஒரு பிள்ளை தொடங்கிய வேலையை முடிக்கும்வரை விடுவீர்களா என்று டீச்சரிடம் கேளுங்கள்.