சனம் பிரிச்சுத்தான் குடுக்குது, ரக்ரரிலதான் கலக்குது

குப்பையை உக்க வைச்சுக் கூட்டெரு எடுக்கிறதைப் பற்றின அந்தக் கூட்டத்து வீடியோவை எல்லாரும் பாத்திருப்பியள். திரும்பப் பகிர்ந்து அதில பேசினவருக்குப் பேர் வாங்கிக் குடுக்க விருப்பமில்லை. "உங்கட சனத்துக்குக் குப்பை பிரிக்கத் தெரியாது, அதாலதான் கூட்டெருத் திட்டம் சரிவரேல்லை" எண்டு மேடையில நிண்டு சொல்லுறார். முன்வரிசையில இருந்த எங்கட ஆக்கள் தலையாட்டுகினம். அந்தத் தலையாட்டலுக்குத்தான் எனக்குக் கூடக் கொதிச்சது.

சனம் பிரிச்சுத்தான் குடுக்குது. வன்னியில ஏதாவது ஒரு சந்தைப் பக்கம் விடியப்புறம் போய் நிண்டு பாருங்கோ. மரக்கறி விக்கிற அக்கா ஒராள் கோவா இலை, கீரைத் தண்டு, அழுகின தக்காளி எல்லாத்தையும் ஒரு யூரியாப் பையில போடுறா. பொலித்தீன், றபர் வளையம், உடைஞ்ச கூடை எல்லாம் மற்றப் பையில. வாழைத்தண்டை இன்னும் தனியா எடுத்து வைக்கிறா, ஆடு வளக்கிற ஒருத்தர் வந்து கொண்டு போவார். பிறகு குப்பை ஏத்திற ரக்ரர் வரும். ஒரே ஒரு பெட்டி. இரண்டு பையையும் அதுக்குள்ள ஒண்டுக்கு மேல ஒண்டாக் கொட்டிப்போட்டு, வெறும் பையை அவவின்ர கையில திருப்பிக் குடுப்பினம். "அடுத்த முறையும் பிரிச்சு வையுங்கோ அக்கா" எண்டு எந்த முகத்தோட கேக்கிறது?

"கலந்தாலும் கடைசியில அரிச்சு எடுக்கலாம்தானே" எண்டு அந்த வீடியோவுக்குக் கீழ ஒரு தம்பி எழுதியிருந்தார். 10 மில்லிமீற்றர் அரிதட்டில பொலித்தீன் நிக்கும், சரி. உடைஞ்ச போத்திலும் ரியூப் லைற் துண்டும் 5 மில்லிமீற்றருக்கு நொருங்கினால் கூட்டெருவோட சேந்து கீழ விழும். பற்றறி கசிஞ்சு ஊறின உலோகத்தை எந்த அரிதட்டும் பிடிக்காது. எங்கட கமக்காரன் வயலுக்க வெறுங்காலோட இறங்கிறவன். ஒருக்கா காலில கண்ணாடி ஏறினால் அடுத்த போகம் சும்மா குடுத்தாலும் வாங்கான். 2008இல அரசாங்கம் தொடங்கின பிலிசரு எண்ட குப்பை முகாமைத்துவத் திட்டத்தில நாடு முழுக்கக் கூட்டெரு முற்றங்கள் கட்டினவை. கட்டடம் கட்டுறது லேசு. கலந்து வந்த குப்பையில இருந்து விக்கக்கூடிய எரு எடுக்கிறதுதான் பாடு.

சரி, குவியல் ஏன் நாறுது? அதுக்கும் சனமோ காரணம்? சந்தைக் கழிவில 100 கிலோவுக்கு 85 கிலோவளவில தண்ணிதான். அதை அப்பிடியே குவிச்சால் இரண்டு நாளில அமிஞ்சு, காத்துப் போக வழியில்லாமல், அழுகின முட்டை மணம் அடிக்கும். 100 கிலோவுக்கு 40 கிலோ காஞ்ச வைக்கோல் போட வேணும், மாரியெண்டால் 50 கிலோ. வைக்கோலை ஒரு சாண் நீளத்துக்கு உள்ளாக வெட்டவும் வேணும், இல்லாட்டில் புரட்டேக்க மண்வெட்டியில சுத்தும். அப்பிடிக் கலந்தால் காபன் நைதரசன் விகிதம் (நைதரசன் ஒரு பங்குக்குக் காபன் எத்தினை பங்கு எண்ட கணக்கு) 30ஐத் தாண்டி நிக்கும், அது போதும். அதோட கொஞ்சம் மாட்டுச் சாணி. குவியல் 1.2இல இருந்து 1.5 மீற்றர் உயரம். அதைவிடப் பதிவெண்டால் சூடு பிடிக்காது, கூட உயரமெண்டால் அடி இறுகிப் போகும்.

மூண்டு நாலு நாளில உள்சூடு 55 பாகையைத் தாண்ட வேணும். வெப்பமானி இல்லையோ? இரும்புக் கம்பியை நடுவில குத்திப் பத்து நிமிசம் விட்டு இழுங்கோ. கையால பிடிச்சுக்கொண்டு நிக்க ஏலாட்டில் நல்லம். அந்தச் சூட்டைப் பதினைஞ்சு நாள் காத்து, அதுக்குள்ள குறைஞ்சது அஞ்சு தரம் புரட்டினால்தான் களை விதையும் கிருமியும் சாகும். அமோனியா மணம் வந்தால் வைக்கோல் காணாது. சூடும் இல்லை, உள்ளுக்கு வெள்ளைச் சாம்பல் மாதிரி இருக்கெண்டால் தண்ணி காணாது. சோளகம் அடிக்கிற வைகாசி, ஆனியில காத்துப் படுற பக்கம் ஒரே நாளில காஞ்சிடும், பனையோலையோ கிடுகோ போட்டு மூட வேணும். கையில அள்ளிப் பிழிஞ்சால் உருண்டை நிக்கவேணும், ஒண்டு இரண்டு சொட்டுக்கு மேல வடியக்கூடாது. பிறகு இரண்டு மூண்டு மாசம். அவசரப்பட்டுப் பாதியில பை கட்டிக் குடுத்தால் அது மண்ணில இருக்கிற நைதரசனையும் தான் இழுத்து, மிளகாய்க் கண்டு மஞ்சளாகும். பிறகு கமக்காரனுக்கு விழிப்புணர்வு இல்லை எண்டு இன்னொரு கூட்டம், இன்னொரு பனர்.

வீடியோவில பேசினவற்ற அறிக்கையில வைக்கோல் எண்ட சொல்லே இல்லை. உமி கலக்கட்டாம். உமி காத்துக்கு இடம் விடும், மறுக்கேல்லை. ஆனால் சிலிக்கா கூட, லேசில உக்காது, மூண்டு மாசம் கழிச்சும் உமி உமியாத்தான் கிடக்கும். இஞ்ச காலபோக நெல்லு வெட்டி முடிய, மாசி பங்குனியில, வெட்டு மெசின் கக்கிவிட்ட வைக்கோல் வரி வரியா வயலுக்க கிடந்து எரியுது. அந்தப் புகை அவைக்குத் தெரியேல்லை. அதைக் கட்டி அடுக்கி வைக்க ஒரு கொட்டகை போட்டால் வருசம் முழுக்கக் காணும். ஆடத் தெரியாதவள் முற்றம் கோணல் எண்டாளாம்.

நான் ஆராய்ச்சிக்கு எதிரி எண்டு எழுதப் போறவைக்கு: இல்லை. கிளிநொச்சி அறிவியல்நகரில யாழ் பல்கலைக்கழகத்தின்ர விவசாய பீடமும் இருக்கு, பொறியியல் பீடமும் இருக்கு. எந்த மாசத்தில எந்தச் சந்தையில எவ்வளவு ஈரக் கழிவு வருகுது எண்டு பிள்ளையள் நிறுத்துப் பாத்தால் அது ஆராய்ச்சி. வேற ஊர்க் கணக்கைக் கொண்டுவந்து எங்களுக்குக் குறை பிடிக்கிறது என்ன கணக்கு?

"இரசாயனப் பசளையே தேவைப்படாது" எண்டும் சொன்னவர். ஒரு அந்தர், அதாவது 50 கிலோ, யூரியாவில 23 கிலோ நைதரசன் இருக்கு. 1 சதவீத நைதரசன் உள்ள கூட்டெரு, காஞ்ச நிறையில, 2.3 தொன் வேணும் அதுக்கு ஈடாக. அதிலயும் முதல் போகத்தில பயிருக்குக் கிடைக்கிறது கொஞ்சம்தான். 2021இல அரசாங்கம் இரசாயனப் பசளையை ஒரேயடியா நிப்பாட்டி எங்கட வயலில விளையாடினதை இன்னும் மறக்கேல்லை. கூட்டெரு மண்ணைத் திருத்தும், ஈரம் பிடிக்கும். அதைச் சொல்லுங்கோ, காணும்.

தனித்தனியா ஏத்தக் காசில்லையாம். புது வாகனம் ஆர் கேட்டது? பெட்டிக்கு நடுவில பலகை அடிக்கச் சொல்லியும் நான் கேக்கேல்லை, அது சரிவராது. பிளாஸ்ரிக் பக்கம் பாரமில்லாமலே முதல் நிரம்பி வழியும், ஈரப் பக்கம் பாதியில நிக்கும். குப்பை எடுக்கிற நாளைப் பிரியுங்கோ. உக்கிறது ஒருநாள் விட்டு ஒருநாள், உக்காதது சனிக்கிழமை மட்டும். அதே ரக்ரர், அதே டீசல். சனத்திலயும் சிலபேர் மீன் முள்ளைச் சாப்பாடு கட்டுற பொலித்தீன் லஞ்ச் சீற்றில சுத்திப் போடுகினம்தான், அதைப் பிறகு பாப்பம்.

சண்டைக் காலத்தில, தடை போட்டுப் பற்றறி வரவிடாத நேரத்தில சைக்கிள் டைனமோவைச் சுத்தி ரேடியோ கேட்ட சனம் இது. ஜாம் போத்திலில பஞ்சும் கொஞ்ச மண்ணெண்ணெயும் வைச்சுச் சோதினைக்குப் படிச்ச பிள்ளையள். இரண்டு சொட்டுப் பெற்றோலில ஸ்ராட் பண்ணி மண்ணெண்ணெயில மோட்டார் சைக்கிள் ஓட்டினவை. 2009க்குப் பிறகு திரும்பி வந்து, சன்னம் துளைச்ச தகரத்தைத் தட்டி நிமித்திக் கூரை போட்டவை. அவைக்கு முன்னால நிண்டு, ஒரு பொருளை இரண்டாந்தரம் பாவிக்கப் பழகுங்கோ எண்டு படம் போட்டுக் காட்டுறியள். அதுவும் பிளாஸ்ரிக் போத்திலில தண்ணி குடிச்சுக்கொண்டு.

"சனத்துக்கு விழிப்புணர்வு வேணும்" எண்டு கீழ எழுதுறவையை இந்த முறை அழிக்க மாட்டன். உங்கட பக்கம் வாற ரக்ரருக்குப் பெட்டி எத்தினை எண்டு மட்டும் திருப்பிக் கேப்பன்.