‘இல்லை’ என்று வந்த ரிப்போர்ட்

போன வருஷம் வைகாசியில் சிரசுத் திருவிழாவுக்காகக் குடியாத்தத்தில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். நிலைப்படியில் வேப்பிலை செருகியிருந்தது. பேரனுக்கு அம்மா போட்டிருக்கிறது என்றார் அக்கா. ஒரு வாரக் காய்ச்சல். முகத்தில் ஆரம்பித்து மார்பு வரை சிவப்பாகப் பொரிந்து நாலு நாள் ஆகியிருந்தது. ஒரு கிளினிக்கில் காட்டியதற்கு வைரல் ஃபீவர் என்று சிரப் எழுதிக் கொடுத்ததோடு சரி. அங்கிருந்து சுகாதாரத் துறைக்குத் தகவல் எதுவும் போகவில்லை.

வேப்பிலை மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. இந்த வீட்டில் நோய் இருக்கிறது, வராதே என்று நம் பாட்டிகள் தெருவுக்குச் சொன்ன சேதி அது. ஆனால் இது தட்டம்மையாக இருந்தால்? அது பொரி தெரிவதற்கு நாலு நாள் முன்பிருந்தே பரவும். யாருக்கும் எதிர்ப்பு சக்தி இல்லாத ஊரில் ஒருவரிடமிருந்து 12 முதல் 18 பேருக்குத் தொற்றிக்கொள்ளும். திருவிழாவுக்குச் சித்தூரிலிருந்தும் திருப்பத்தூரிலிருந்தும் வந்து திரும்புகிற கூட்டத்துக்கு ஒரு வீட்டு வேப்பிலை எப்படிச் சேதி சொல்லும்?

கிராம சுகாதார செவிலியருக்கு நான்தான் போன் செய்தேன். “அம்மா இருக்கிற உடம்புல ஊசி படக் கூடாதுடா” என்று அக்கா அழுதார். மறுநாள் காலையில் நர்ஸம்மா வந்தார். தடுப்பூசி அட்டையைக் கேட்டார், பையன் யார் யாரோடு விளையாடினான் என்று எழுதிக்கொண்டார், சுற்று வீடுகளில் காய்ச்சல் உண்டா என்று விசாரித்தார். அப்புறம் எடுத்த ரத்தம் சென்னை கிண்டியில் உள்ள கிங் இன்ஸ்டிட்யூட்டுக்குப் போனது. தட்டம்மையும் இல்லை, அதைப் போலவே பொரி வரும் ரூபெல்லாவும் இல்லை என்று ரிப்போர்ட் வந்தது.

“இதுக்கா புள்ளைய அழ வெச்ச?” என்று அக்கா கேட்டார்.

இதற்குத்தான் அக்கா. காய்ச்சலும் பொரியும் வேறு பல வைரஸ்களாலும் வரும். கண்காணிப்பு ஒழுங்காக நடக்கிற இடத்தில், லட்சம் பேருக்கு வருஷம் இரண்டு பேராவது பரிசோதிக்கப்பட்டு ‘இரண்டும் இல்லை’ என்று தள்ளப்பட்டிருக்க வேண்டும் என்பது கணக்கு. 16 லட்சம் பேர் இருக்கும் மாவட்டமென்றால் குறைந்தது 32 ‘இல்லை’கள். அது வரவில்லையென்றால் நோய் இல்லை என்று அர்த்தமில்லை, தேட ஆளில்லை என்று அர்த்தம். தட்டம்மையையும் ரூபெல்லாவையும் 2026க்குள் ஒழிக்க வேண்டும் என்பது நாட்டின் இலக்கு. அந்த இலக்கை எட்டினோமா என்பதற்கு, உன் பேரன் அழுதது ஒரு சாட்சி.

இந்தத் தேடலுக்கு வழிகாட்டியதே நம் மாவட்டம் என்பதில் எனக்குப் பெருமை உண்டு. 1980களில் வேலூர் சி.எம்.சி.யின் வைராலஜி பேராசிரியர் டி. ஜேக்கப் ஜான், அன்றைய வட ஆற்காடு மாவட்டத்தில் தனியார் டாக்டர்களையும் அரசு டாக்டர்களையும் சேர்த்து, நோய் கண்டவுடன் அஞ்சலட்டையில் எழுதிப் போடச் செய்தார். 1998ல் லான்செட் என்ற உலக மருத்துவ இதழ் வரைக்கும் போன விஷயம் இது. தபால் கார்டை வைத்துக்கொண்டு அன்று செய்ததை, கையில் செல்போன் இருக்கிற இன்றைய கிளினிக் ஏன் செய்யக் கூடாது? இதில் எனக்குக் கோபம்தான், மறைக்கவில்லை.

2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் எம்.ஆர். (தட்டம்மை-ரூபெல்லா) தடுப்பூசி முகாம் தொடங்கியபோது வாட்ஸப் வதந்தியை நம்பிப் பிள்ளைகளை அனுப்பாத வீடுகள் எங்கள் தெருவிலேயே இருந்தன. அவர்களை நான் திட்டவில்லை. பயந்த பெற்றோருக்குப் பொறுமையாகப் பதில் சொல்லத்தான் வேண்டும். ஆனால் பொரி வந்த பிள்ளையை மறைக்காதீர்கள். வேப்பிலை செருகுங்கள், மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுங்கள், நர்ஸம்மாவுக்கும் சொல்லுங்கள். நம்பர் இல்லையென்றால் 104க்குக் கூப்பிடுங்கள். பொரி வந்து 28 நாளுக்குள் ரத்தம் எடுத்தால் போதும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அக்காவின் எதிர்வீட்டுப் பெண் அப்போது இரண்டு மாத கர்ப்பிணி. பையனைத் தூக்கி வைத்துக் கொஞ்சியிருக்கிறாள். ரூபெல்லா குழந்தைகளுக்கு லேசாக வந்து மூன்று நாளில் போய்விடும். கர்ப்பத்தின் முதல் மூன்று மாதத்தில் தாய்க்குத் தொற்றினால் வயிற்றுப் பிள்ளைக்குக் காது கேளாமல் போகலாம், கண்ணில் புரை விழலாம், இதயத்தில் கோளாறு வரலாம். ரிப்போர்ட் வரும்வரை அவள் சரியாகத் தூங்கவில்லை.

மார்கழியில் அவளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஒன்பது மாதம் முடிகிறது. வருகிற புதன்கிழமை முதல் எம்.ஆர். ஊசிக்குக் கூட்டிப் போகிறாளாம், துணைக்கு அக்காவும் போகிறார்.