நோயாளியிடம் நடத்தைச் சான்றிதழ் கேட்காதீர்கள்

நல்ல பழக்கங்களைப் பற்றி ஒரு பேச்சாளர் மேடையில் பேசிய அந்தக் காணொளியைப் பற்றி எழுதுவதில்லை என்றுதான் இருந்தேன். ஆனால் நீங்கள் பலரும் அதைப் பகிர்ந்துவிட்டீர்கள். சிலர் என் பெயரைக் குறியிட்டு, "உங்களுக்குப் பிடிக்கும்" என்று வேறு எழுதியிருக்கிறீர்கள். எனவே அதை நான் நீளமாக விளக்கத் தேவையில்லை. சத்தான உணவு, அன்றாட உடற்பயிற்சி, மகிழ்ச்சியான மனம் ஆகியவற்றைப் பற்றி அவர் சொன்னதில் முக்கால் பங்குக்கு எனக்கும் உடன்பாடுதான். என் சினமெல்லாம் கைதட்டல் எழுந்த அந்த ஒரு வாக்கியத்தின் மீது: "நோய் யாருக்கும் தானாக வருவதில்லை, நாம்தான் அதை அழைத்து வருகிறோம்." அந்தக் காணொளியின் கீழே ஒரே ஒரு கேள்வி கேட்டேன். பழக்கங்களால் வராத முதல் வகை நீரிழிவு வந்த ஏழு வயதுக் குழந்தை எதைச் செய்து அதை அழைத்து வந்தது என்பதே கேள்வி. "எதிர்மறை மனமே முதல் நோய்" என்று சிரித்த முகக் குறியுடன் பதில் வந்தது. சற்று நேரத்தில் என் பின்னூட்டம் மறைந்தது, அதன் பின் நானும் அந்தப் பக்கத்திலிருந்து முடக்கப்பட்டேன். மனமகிழ்ச்சிக்கென்றே நடத்தப்படும் பக்கம் ஒரு கேள்விக்கு இவ்வளவு வாடிப்போகும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

நான் சொல்ல வருவது மிகச் சிறிய செய்தி. நல்ல பழக்கங்கள் நோய் வரும் வாய்ப்பைக் குறைக்கின்றன. வாய்ப்பைக் குறைப்பது வேறு, வராது என்று உறுதி கொடுப்பது வேறு. இந்த இரண்டையும் ஒன்றாக்கிவிட்டால், நோயுற்ற ஒவ்வொருவரும் ஏதோ தவறு செய்தவராகிவிடுகிறார். குடை பிடித்தால் குறைவாக நனைவோம்; அதற்காக நனைந்து வருகிறவரை எல்லாம் நிறுத்தி, குடை எங்கே என்று விசாரணை நடத்துவதில்லை அல்லவா?

"அப்படியென்றால் உடற்பயிற்சியே வேண்டாம் என்கிறீர்களா?" என்று இதற்குள் சிலர் தட்டச்சு செய்யத் தொடங்கியிருப்பீர்கள். வேண்டும் என்கிறேன். நானே நாள்தோறும் நடக்கிறவள்தான். உடலுழைப்பு இதயத்தைக் காக்கிறது என்பதற்குப் பெரிய அளவில் முதற்சான்று தந்தவர்களில் ஒருவரான ஜெரி மாரிஸ், 1953இல் லண்டன் பேருந்து ஊழியர்களை ஆராய்ந்தார். நாள் முழுவதும் உட்கார்ந்தே இருந்த ஓட்டுநர்களைவிட, இரண்டடுக்குப் பேருந்தின் படிகளில் ஏறி இறங்கிக்கொண்டிருந்த நடத்துநர்களுக்கு மாரடைப்பு குறைவாக இருந்தது. ஆனால் எனக்கு அவரைப் பிடித்துப்போனதற்குக் காரணம் அந்த முடிவு மட்டுமல்ல. அடுத்த சில ஆண்டுகளில் அவரும் அவருடன் இருந்தவர்களும் ஊழியர்களின் சீருடை அளவுகளைத் தேடி எடுத்துப் பார்த்தார்கள். ஓட்டுநர்கள் பணியில் சேரும்போதே இடுப்பளவு பெரிதாக இருந்தவர்கள் என்று அதில் தெரிந்தது. தன் முடிவுக்குச் சங்கடம் தரக்கூடிய அந்தச் செய்தியை அவர்களே வெளியிட்டார்கள். கேள்வி கேட்டவரை முடக்கவில்லை, கேள்வியைத் தாங்களே கேட்டுக்கொண்டார்கள்.

வயது வந்தவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பில் ஈடுபட வேண்டும் என்றும், இரண்டு நாள்களாவது தசைகளை வலுப்படுத்தும் பயிற்சி வேண்டும் என்றும் உலக சுகாதார நிறுவனம் 2020இல் பரிந்துரைத்தது. முன்பு ஒரே மூச்சில் பத்து நிமிடமாவது நடந்தால்தான் கணக்கு என்றிருந்த நிபந்தனையையும் அப்போது நீக்கிவிட்டார்கள். கொஞ்சம் செய்தாலும் ஒன்றும் செய்யாமல் இருப்பதைவிட மேல் என்பதே அவர்களின் நிலை. நம் பேச்சாளரோ பத்தாயிரம் அடிக்கு ஓர் அடி குறைந்தாலும் அது சோம்பேறித்தனம் என்கிறார். அந்தப் பத்தாயிரம் 1965 வாக்கில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த, நடக்கும் அடிகளை எண்ணும் ஓர் அடிமானியின் பெயரிலிருந்து பிறந்த எண். மூத்த பெண்களை வைத்து 2019இல் வெளியான அமெரிக்க ஆய்வில், நாளொன்றுக்கு ஏறத்தாழ 4,400 அடி நடந்தவர்களிடமே, அதைவிடக் குறைவாக நடந்தவர்களைக் காட்டிலும் இறப்பு குறைந்திருந்தது. 7,500 அடிக்கு மேல் கூடுதல் பயன் பெரிதாகத் தென்படவில்லை. மூட்டு வலியோடு மூவாயிரம் அடி நடக்கிற ஒருவர் இந்தக் காணொளியைப் பார்த்துவிட்டு, நம்மால் ஆகாது என்று அதையும் நிறுத்திவிட்டால் அந்தக் கணக்கு யாருடையது?

இருபத்தொரு நாளில் பழக்கம் படிந்துவிடும், படியாவிட்டால் மன உறுதி இல்லை என்றும் சொன்னார். லண்டனில் நடந்த ஒரு புகழ்பெற்ற ஆய்வில் புதிய பழக்கம் ஒன்று தானாக நிகழும் நிலைக்கு வர சராசரியாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் அது 18 நாளிலிருந்து 254 நாள் வரை மாறியது. இதைப் பெரிதுபடுத்தவில்லை, போகட்டும்.

உணவு பற்றிய பகுதியிலும் நான் சண்டைக்கு வரவில்லை. நாளுக்கு 400 கிராம் காய்கறியும் பழமும், ஐந்து கிராமுக்குக் குறைவாக உப்பு, இயன்றவரை குறைவான சர்க்கரை என்பவை பல காலமாகச் சொல்லப்படும் நல்ல அறிவுரைகள். ஆனால் அளவுமீறிச் சாப்பிடுவது வெறும் நாவடக்கமின்மை என்று அவர் சிரித்தபடி சொன்னது உண்மையைப் பாதியாக நறுக்குவதாகும். அமெரிக்க ஆய்வாளர் கெவின் ஹால் குழுவினர் 2019இல் வெளியிட்ட ஆய்வில் இருபது பேரை மருத்துவ மையத்திலேயே தங்கவைத்து, இரண்டு வாரம் அதீதமாகப் பதப்படுத்தப்பட்ட, அதாவது தொழிற்சாலையில் தயாராகும் வகை உணவும் இரண்டு வாரம் அவ்வாறு பதப்படுத்தப்படாத உணவும் கொடுத்தார்கள். அதே மனிதர்கள், அதே நாக்கு. அதீதமாகப் பதப்படுத்தப்பட்ட உணவு கிடைத்த நாள்களில் அவர்கள் சராசரியாகச் சுமார் 500 கலோரி கூடுதலாக உண்டார்கள். உணவு மாறியபோது உண்ணும் அளவும் மாறியது என்றால், குறை முழுவதையும் மனிதனின் குணத்தில் தேடுவது எப்படி நியாயம்?

இப்போது என் வீட்டுச் செய்திக்கு வருகிறேன். இதை எழுதலாமா என்று அண்ணனிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.

அண்ணன் மகளுக்கு ஏழு வயதில் முதல் வகை நீரிழிவு வந்தது. தீராத தாகம், அடிக்கடி சிறுநீர், காரணம் தெரியாத எடைக் குறைவு என்று தொடங்கி, மருத்துவமனையில் சேர்த்த பிறகே நோய் இன்னதென்று தெரிந்தது. உடலின் நோய் எதிர்ப்பு மண்டலமே கணையத்தில் இன்சுலின் சுரக்கும் உயிரணுக்களைத் தாக்கி அழிப்பதால் இந்நோய் வருகிறது. இனிப்பு தின்றதால் வருவதில்லை. இதை மருத்துவர் எங்களிடம் ஒருமுறை சொன்னார், நாங்கள் உறவினர்களிடம் ஓராயிரம் முறை சொல்லியிருப்போம். கேட்டவர்கள் தலையை ஆட்டிவிட்டு, "இருந்தாலும் சின்ன வயதில் நிறைய இனிப்பு கொடுத்துவிட்டீர்களோ" என்று அண்ணியைப் பார்த்துக் கேட்பார்கள். ஒரு விருந்தில், அந்தப் பெண் தன் அளவைக் கணக்கிட்டு, ஊசியும் போட்டுக்கொண்டு, ஒரு சிறு துண்டு இனிப்பைக் கையில் எடுத்தாள். எதிரே இருந்த பெரியவர் ஒருவர், "இதனால்தானம்மா உனக்கு வந்தது" என்று எல்லார் முன்னிலையிலும் சொன்னார். அன்பாகத்தான் சொன்னார். அவள் அதைத் தட்டில் வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு வெளியாட்கள் முன்னால் அவள் எதையும் உண்பதில்லை. "அத்தை, நான் நிஜமாகவே ஏதாவது தப்பு செய்தேனா?" என்று ஒருநாள் என்னிடம் கேட்டாள். மேடையில் அந்த வாக்கியத்துக்குக் கைதட்டல் எழுந்தபோது என் காதில் விழுந்தது இந்தக் கேள்விதான்.

ஒழுக்கமான உணவும் மன உறுதியும் இந்நோயை வெல்லுமா என்பதற்கு வரலாறே பதில் சொல்லியிருக்கிறது. இன்சுலின் கிடைப்பதற்கு முன் மருத்துவர்கள் இக்குழந்தைகளைக் கடும் பட்டினி உணவில் வைத்தார்கள். அவர்களைவிடக் கட்டுப்பாடாக யாரும் உண்டிருக்க முடியாது. எலும்பும் தோலுமாகச் சில காலம் கூடுதலாக வாழ்ந்தார்கள், பிறகு பெரும்பாலோர் இறந்தார்கள். 1922 ஜனவரியில் டொராண்டோவில் லெனர்ட் தாம்சன் என்ற பதினான்கு வயதுச் சிறுவனுக்குச் செலுத்தப்பட்ட இன்சுலினே அந்தக் கதையை மாற்றியது.

"அவர் பேசியது வாழ்க்கைமுறை நோய்களைப் பற்றி, நீங்கள் அரிதான ஒன்றை இழுத்து வருகிறீர்கள்" என்று ஒரு நண்பர் தனிச் செய்தியில் எழுதினார். இது நியாயமான மறுப்பு, ஆகவே பதில் சொல்கிறேன். முதலில், அவர் "யாருக்கும்" என்று சொன்னார். அந்தச் சொல்லை நான் சேர்க்கவில்லை. அடுத்து, வாழ்க்கைமுறை நோய் என்று சொல்லப்படும் இரண்டாம் வகை நீரிழிவையே எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவில் அந்நோய் வரும் நிலையில் இருந்த மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்து நடந்து 2002இல் வெளியான பெரிய ஆய்வில், எடையைக் குறைத்து வாரம் 150 நிமிடம் உடற்பயிற்சி செய்ய உதவி பெற்ற குழுவில் நோய் வருவது 58 விழுக்காடு குறைந்தது. மருந்து மாத்திரை பெற்ற குழுவில் அது 31 விழுக்காடு மட்டுமே குறைந்தது. இதைவிடப் பெரிய நற்சான்று பழக்கங்களுக்குத் தேவையில்லை. நான் இதை மனமாரக் கொண்டாடுகிறேன். ஆனால் அதே ஆய்வின் மறுபக்கத்தையும் படியுங்கள். மருந்தில்லாத போலி மாத்திரை பெற்ற குழுவில் ஆண்டுக்கு நூற்றுக்குப் பதினொருவர் நோயுற்றார்கள் என்றால், பழக்கத்தை மாற்றிக்கொண்ட குழுவில் ஏறத்தாழ ஐவர் நோயுற்றார்கள். அந்த ஐவரும் ஆலோசகர்களின் துணையோடு பழக்கங்களை மாற்ற முயன்ற குழுவைச் சேர்ந்தவர்கள். அவர்களிடம் போய் நோயை ஏன் அழைத்து வந்தீர்கள் என்று கேட்பீர்களா?

மகிழ்ச்சி விஷயத்தில்தான் எனக்கு உண்மையாகவே மனம் புண்படுகிறது. மகிழ்ச்சியாக இருந்தால் நோய் அண்டாது என்பது கேட்க இனிமையாக இருக்கிறது. பிரிட்டனில் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களைச் சுமார் பத்தாண்டு பின்தொடர்ந்த ஆய்வு 2015இல் வெளியானது. ஏற்கெனவே இருந்த உடல்நலக் குறைவு, புகைபிடித்தல் போன்றவற்றைக் கணக்கில் எடுத்த பிறகு, மகிழ்ச்சியற்றவர்கள் அதனாலேயே கூடுதலாக இறக்கவில்லை. நோய்தான் மகிழ்ச்சியைக் கெடுத்திருந்தது. நாம் அதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டிருந்தோம். தலை, கழுத்துப் புற்றுநோய் கண்ட ஆயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் நடந்து 2007இல் வெளியான ஆய்விலும், மனநலம் எப்படி இருந்தது என்பதற்கும் எத்தனை காலம் வாழ்ந்தார்கள் என்பதற்கும் தொடர்பு காணப்படவில்லை. வலியில் படுத்திருப்பவரிடம் "சிரித்த முகமாக இருங்கள், சரியாகிவிடும்" என்று சொல்வது, நோயின் மேல் இன்னொரு வேலையைச் சுமத்துவதாகும். அழுதால்கூட அவருக்குக் குற்ற உணர்வு வந்துவிடுகிறது.

மனிதர்களின் துணை உடல்நலத்துக்கு உதவுகிறது என்பதற்கோ வலுவான சான்று உண்டு. 148 ஆய்வுகளைத் திரட்டி 2010இல் வெளியான பகுப்பாய்வில், உறவுப் பிணைப்பு வலுவாக இருந்தவர்கள் அந்த ஆய்வுக் காலங்களில் உயிரோடிருக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 50 விழுக்காடு கூடுதலாக இருந்தது. அப்படியிருக்க, நோயுற்றவரைக் குற்றவாளியாக்கி ஒதுங்கச் செய்கிற பேச்சு அவருடைய உடல்நலத்துக்கு என்ன செய்யும் என்று யோசித்துப் பாருங்கள். என் அண்ணன் மகள் விருந்துகளுக்கு வருவதையே நிறுத்திவிட்டாள். எந்த நல்ல பழக்கத்தின் பெயரால் இது நடந்தது?

"எளிய மக்களுக்கு எளிமையாகத்தான் சொல்ல முடியும்" என்கிறீர்கள். எளிமையாகச் சொல்லுங்கள். "இவற்றைச் செய்தால் நோய் வரும் வாய்ப்பு குறையும்" என்பதில் எந்தச் சொல் கடினம்? "உங்களுக்கு அவருடைய புகழ் மீது பொறாமை" என்றும் ஒருவர் எழுதியிருக்கிறார். இருக்கலாம், பொறாமைப்படுவது உடல்நலத்துக்குக் கேடு என்பதால் கூடிய விரைவில் நிறுத்திக்கொள்கிறேன். நான் மருத்துவர் இல்லை என்பதையும் நினைவூட்டியிருக்கிறீர்கள். அவரும் இல்லை, அது மட்டும் யாருக்கும் நினைவு வரவில்லை.

பழக்கங்களைத் தேர்ந்தெடுக்கும் வசதி எல்லாருக்கும் ஒரே அளவில் இருப்பதுபோலப் பேசுவதும் எனக்குத் தாங்கவில்லை. மருத்துவ ஆய்வாளர் மைக்கேல் மார்மட் முதலானோர் பிரிட்டனின் அரசு ஊழியர்களைப் பல்லாண்டு ஆராய்ந்தபோது, பதவிப் படியில் கீழே போகப் போக இதய நோய் இறப்பு கூடுவதைக் கண்டார்கள். புகை, இரத்த அழுத்தம், கொழுப்பு ஆகியவற்றைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் அந்த வேறுபாட்டின் பெரும்பகுதி அப்படியே நின்றது. தன் வேலைநாளின் மீது தனக்கு எவ்வளவு அதிகாரம் இருக்கிறது என்பதும் உடலைப் பாதிக்கிறது என்று அவர்கள் பிறகு காட்டினார்கள். இரவுப் பணி முடித்து வருபவரிடமும், படுக்கையில் கிடக்கும் மாமியாரைத் தூக்கி உட்காரவைத்துவிட்டு அடுப்படிக்கு ஓடுகிறவரிடமும் "உங்களுக்கென்று ஒரு மணி நேரம் ஒதுக்க முடியாதா?" என்று புன்னகையோடு கேட்கும் நல்லவர்களே, அந்த ஒரு மணி நேரம் நீங்கள் அந்தப் பாட்டியின் பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளுங்கள், அவர் நடந்துவிட்டு வரட்டும். அறிவுரையில் செலவாகும் உங்கள் நேரம் ஒருவருடைய உடற்பயிற்சிக்காவது பயன்பட்டதாக இருக்கும்.

நான் எங்கிருந்து எங்கோ வந்துவிட்டேன் என்று தெரிகிறது. இவ்வளவு நீளமாக எழுதவைத்த இன்னொரு செய்தியைச் சொல்லி நிறுத்துகிறேன். என்னை முடக்குவதற்கு முன்பு, அந்தக் காணொளியின் கீழே ஒரு தாய் எழுதியிருந்ததைப் படித்தேன். தன் மகனுக்கு இந்த உணவுமுறையைத் தொடங்கிவிட்டு இன்சுலின் ஊசியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துப் பார்க்கலாமா என்று கேட்டிருந்தார். அதற்குப் பக்க நிர்வாகத்திடமிருந்து இரண்டு கைகூப்புக் குறிகளும் "நம்பிக்கையோடு தொடங்குங்கள்" என்ற வரியும் பதிலாகக் கிடந்தன. முதல் வகை நீரிழிவில் இன்சுலினை நிறுத்தினால் இரத்தத்தில் அமிலம் கூடி, சில நாள்களுக்குள்ளேயே உயிருக்கு ஆபத்து வரலாம். என்னால் இனி அங்கே எழுத முடியாது. இன்னும் முடக்கப்படாத நண்பர்கள் யாரேனும் அந்தப் பக்கத்துக்குப் போய், மருத்துவரைக் கேட்காமல் ஓர் அலகுகூடக் குறைக்க வேண்டாம் என்று அந்தத் தாய்க்கு இன்றைக்கே எழுதிவிடுங்கள். உங்கள் பின்னூட்டத்தையும் நீக்கிவிடக்கூடும், ஆகவே தனிச் செய்தியாகவும் அனுப்புங்கள்.