பச்சை அன்னாசிச் சாற்றில் கம்மி இறுகாது

வீட்டிலேயே பழச்சாற்றில் கம்மி (மென்று சாப்பிடும் ஜெல்லி மிட்டாய்) செய்வது பற்றிய உங்கள் கட்டுரையில், எந்தப் பழச்சாற்றையும் பச்சையாகவே ஜெலட்டினில் (விலங்குப் புரதத்திலிருந்து எடுக்கும் இறுக்கும் பொருள்) கலக்கலாம் என்று இருக்கிறது. அன்னாசி, பப்பாளி, கிவி மூன்றுக்கும் இது சரிவராது. இவற்றிலுள்ள நொதிகள் ஜெலட்டின் புரதத்தையே அறுத்துவிடும். இரவு முழுக்க ஃபிரிட்ஜில் வைத்தாலும் சாறு சாறாகவே கிடக்கும். முதலில் சாற்றை மட்டும் ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டு, நன்றாக ஆறவைத்துப் பயன்படுத்துங்கள்.

கட்டுரையில் சொன்ன ஜெலட்டின் அளவும் போதாது. ஒரு கப் (240 மி.லி.) சாற்றுக்கு ஒரு மேசைக்கரண்டி போட்டால் தளதளவென்று ஜெல்லிதான் வரும். மென்று சாப்பிடும் பதத்துக்கு மூன்று மேசைக்கரண்டி, சுமார் 27-30 கிராம் வேண்டும். குளிர்ந்த சாற்றின் மேல் பரவலாகத் தூவி 10 நிமிடம் ஊறவிடுங்கள். ஒரே இடத்தில் கொட்டினால் வெளிப்புறம் மட்டும் நனைந்து உள்ளே உலர்ந்த கட்டிகள் நின்றுவிடும், கிளறிக் கரைப்பது பெரும்பாடு. ஊறித் தடித்ததும் சிறு தீயில் கரைந்தால் போதும், கொதிக்கவே கூடாது. தேன் இரண்டு மேசைக்கரண்டி, எலுமிச்சைச் சாறு ஒரு தேக்கரண்டி, இரண்டும் அடுப்பை அணைத்த பிறகுதான். புளிப்பும் சூடும் சேர்ந்தால் ஜெலட்டினின் பிடிமானம் தளர்ந்துவிடும். மேலே நிற்கும் நுரையை வழித்துவிட்டு அச்சில் ஊற்றுங்கள், இல்லையென்றால் கம்மி கலங்கலாகத் தெரியும்.

சைவத்துக்கு, ஜெலட்டினுக்குப் பதில் கடற்பாசியிலிருந்து எடுக்கும் அகர் அகர் நல்லதுதான். ஆனால் அதை இரண்டு நிமிடமாவது கொதிக்கவிட்டே ஆக வேண்டும், இழுவையும் இருக்காது; கடித்தால் பட்டென்று உடையும்.

ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தேன் கூடவே கூடாது. கட்டுரையில் அவசியம் சேர்த்துவிடுங்கள்.