கல்மரம் பார்க்க ஒரு நாள் ஒதுக்குங்கள்

சென்னையிலிருந்து திருச்சிக்குக் காரில் போகும் குடும்பங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் போகின்றன. விடியுமுன் கிளம்பி, விக்கிரவாண்டி தாண்டி டிபன், மதியச் சாப்பாட்டுக்கு ஊர். பிள்ளைகள் வழியெல்லாம் போனில் மூழ்கியிருப்பார்கள். இந்தச் சாலையை விட்டுக் கொஞ்சம் விலகினால் என்னவெல்லாம் கிடக்கிறது என்று தெரிந்தவர்கள் இப்படிப் பறக்க மாட்டார்கள்.

இந்த முறை அம்மாவையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு நிதானமாகப் போனோம். முதலில் திண்டிவனம், மயிலம் வழியாகத் திருவக்கரை. பௌர்ணமிக்கு வக்கிரகாளியம்மனைப் பார்க்க அவ்வளவு கூட்டம் வரும் ஊர். ஆனால் வருகிறவர்களில் எத்தனை பேர் பக்கத்திலேயே இருக்கும் கல்மரப் பூங்காவுக்குள் போகிறார்கள்? சுமார் 2 கோடி ஆண்டுப் பழமையான மரங்கள் கல்லாகி, புதர்களுக்கு நடுவே பாதி புதைந்து கிடக்கின்றன. 1781-லேயே சொன்னெரா என்ற பிரெஞ்சு இயற்கை ஆய்வாளர் இவற்றைப் பற்றி எழுதிவிட்டார்.

உடைந்த முனை ஒன்றின் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பார்த்தோம். ஆண்டு வளையங்கள் வரிவரியாக அப்படியே இருக்கின்றன. அம்மா, "கல்லுங்கறீங்க, பொளந்து போட்ட விறகு மாதிரில்ல இருக்கு!" என்றார். சின்னவன் கேட்ட கேள்விதான் எனக்கு ரொம்பப் பிடித்தது: "வேரு, கிளை எல்லாம் எங்கப்பா?" ஆய்வாளர்கள் பிடித்துக்கொண்ட துப்பும் அதுதான். வேரும் கிளையும் இல்லாததால், இவை இங்கே முளைத்தவை அல்ல, வேறெங்கோ வளர்ந்து வெள்ளத்தில் அடித்து வரப்பட்டவை என்கிறார்கள். எட்டு வயதுப் பையன் அதைத் தானே கேட்டு நின்றான். இதை எந்தப் பாடப்புத்தகத்தால் செய்ய முடியும்?

அப்புறம் பெரம்பலூருக்கு முன்னால் ரஞ்சன்குடிக் கோட்டை. நெடுஞ்சாலையை ஒட்டியே இருக்கிறது, ஏறிப் பார்த்துவிட்டுப் போகலாம்.

அடுத்தது சாத்தனூர். மேப்பில் போடும்போது கவனம், திருவண்ணாமலைப் பக்கத்துச் சாத்தனூர் அணைக்குக் கொண்டுபோய் விட்டுவிடும். பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூர் என்று பார்த்துப் போடுங்கள். அங்கே 18 மீட்டர் நீளத்துக்கு ஒற்றை மரம் கல்லாகிப் படுத்திருக்கிறது. வயது சுமார் 12 கோடி ஆண்டுகள். 1940-ல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் எம்.எஸ்.கிருஷ்ணன் இதை உலகுக்குச் சொன்னார். அன்று இந்தப் பக்கமெல்லாம் கடல். கடலில் வந்து மூழ்கிய மரம் சேற்றில் புதைந்து, தண்ணீரோடு சிலிக்கா என்ற தாது (மணலில் இருப்பதுதான்) ஊறி ஊறி, மரம் இருந்த இடத்தையெல்லாம் கல் பிடித்துக்கொண்டது. அரியலூரில் சிமென்ட் ஆலைகள் நிற்பதற்கும் அந்தப் பழங்கடல் விட்டுப்போன சுண்ணாம்புக்கல்தான் காரணம்.

பக்கத்து ஊட்டத்தூரின் பெயரையும் அரியலூரின் பெயரையும் புவியியலாளர்கள் பாறை அடுக்குகளுக்கே வைத்திருக்கிறார்கள். உலகத்தின் எந்த மூலையில் அந்தப் பழங்கடல் காலத்துப் பாறைகளைப் படிப்பவர்களுக்கும் அந்தப் பெயர்கள் தெரியும். நமக்கு அவை பைபாஸ் பலகையில் வேகமாகக் கடந்துபோகும் பெயர்கள். இது எனக்கு உண்மையிலேயே வலிக்கிறது.

இந்த மாதிரி இடங்களுக்குக் கூட்டம் வர வேண்டுமென்றால் டைனோசர் பொம்மை, ஊஞ்சல், செல்பி வளைவு எல்லாம் வேண்டும் என்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்த மரத்தைவிடப் பெரிய ஆச்சரியத்தை யாரும் சிமென்டில் செய்துவிட முடியாது. பத்து வயதுப் பிள்ளைக்குப் புரிகிற தமிழில், படத்தோடு, கடல் எங்கே இருந்தது, மரம் எப்படி வந்தது என்று சொல்லும் நல்ல பலகைகள் வேண்டும். எங்கள் அம்மா வயதுக்காரர்கள் உட்கார நிழலும், சுத்தமான கழிப்பறையும் வேண்டும். நெடுஞ்சாலையிலிருந்தே தெரிகிற மாதிரி வழிகாட்டிப் பலகை வேண்டும். இதற்கெல்லாம் கோடிகள் தேவையில்லை.

போகிறவர்களுக்கும் ஒன்று. தயவுசெய்து ஒரு சில்லைக்கூட ஞாபகார்த்தமாக எடுத்து வராதீர்கள். காரை என்ற ஊருக்குப் பக்கத்து ஓடைகளில் சுருள்சுருளாகக் கிடக்கும் அம்மோனைட் (பழங்கடலில் வாழ்ந்து அழிந்துபோன உயிரினம்) கூடுகளுக்கும் இது பொருந்தும். போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், போதும். வெயிலுக்கு முன்னால் போய்விடுங்கள், தண்ணீர் நிறைய வைத்துக்கொள்ளுங்கள், பிள்ளைகள் கேள்வி கேட்டு முடிக்கும்வரை வண்டியை எடுக்காதீர்கள்.