தோற்ற அன்று ஓனர் எங்கே நிற்கிறார்?

2024 மே 8, ஹைதராபாத்தில் ஐ.பி.எல். ஆட்டம். லக்னோ 165 ரன் எடுத்தது. பதிலுக்கு ஹைதராபாத்தின் டிராவிஸ் ஹெட் 30 பந்தில் 89, அபிஷேக் சர்மா 28 பந்தில் 75. ஒரு விக்கெட்கூட விழாமல் 9.4 ஓவரில் ஆட்டம் முடிந்துவிட்டது. அந்த அடி எனக்குப் பாதி மறந்துவிட்டது. மறக்காதது அதற்கப்புறம் வந்த காட்சி. மைதானத்தின் ஓரத்தில் லக்னோ அணியின் ஓனர் சஞ்சீவ் கோயங்கா கையை ஆட்டி ஆட்டிப் பேசுகிறார், எதிரே அவருடைய கேப்டன் கே.எல்.ராகுல் நிற்கிறார். என்ன பேசினார் என்பது நமக்குக் கேட்கவில்லை. அந்த முகங்களைப் பார்த்தபின் கேட்க வேண்டிய அவசியமும் இருக்கவில்லை.

நான் ராகுல் ரசிகன் இல்லை. அன்று அவர் 33 பந்தில் 29 எடுத்ததைப் பார்த்து எனக்கே கோபம் வந்தது. ஆனாலும் அந்தக் காட்சி என்னை என் முதல் வேலைக்குக் கொண்டுபோய்விட்டது. ஒரு துணிக்கடை. முதலாளி ஒருநாள் கடை நிறைய ஆள் இருக்கும்போது மூத்த விற்பனையாளர் ஒருவரைத் திட்டினார். இருபது வருட அனுபவம் உள்ள மனிதர். மறுநாளும் அவர் வேலைக்கு வந்தார், ஆனால் அதற்குப் பிறகு எதையும் அவராக முடிவு செய்ததே இல்லை. பத்து ரூபாய் குறைத்துக் கொடுக்கவும் உள்ளே போய்க் கேட்டுவிட்டு வருவார். வாடிக்கையாளர் அதற்குள் எழுந்து போயிருப்பார். ஒரு கேப்டன் இருபது ஓவரில் எத்தனை முடிவு எடுக்க வேண்டியிருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள்.

"7,090 கோடி கொடுத்து அணியை வாங்கியவர் கேள்வி கேட்கக் கூடாதா?" என்று அப்போது நண்பர்கள் பலர் கேட்டார்கள். தாராளமாகக் கேட்கலாம், கேட்கத்தான் வேண்டும். டிரெஸ்ஸிங் ரூம் இருக்கிறது, ஹோட்டல் இருக்கிறது, மறுநாள் காலை இருக்கிறது. சில நாட்களில் ராகுலை வீட்டுக்கு அழைத்து விருந்து கொடுத்த படமும் வந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் 2022-ல் லக்னோவை பிளே ஆஃப் வரை, அதாவது முதல் நான்கு அணிகளுக்கான கடைசிச் சுற்று வரை, கொண்டுபோன கேப்டன் அவர். 2023-லும் அணி அங்கே போனது, பாதியில் காயப்பட்டு விலகும்வரை அவர்தான் கேப்டன். 2024-ல் அணி ஏழாவது இடம். ராகுல் டெல்லிக்குப் போனார். 27 கோடிக்கு ரிஷப் பந்த்தை வாங்கினார்கள். 2025-லும் ஏழாவது இடம்தான். அந்த வருடம் ஏப்ரலில் லக்னோ மைதானத்திலேயே ராகுல் 57 ரன் எடுத்து, கடைசியில் சிக்ஸர் அடித்து டெல்லியை ஜெயிக்க வைத்தார். முடிந்ததும் கோயங்காவுக்குக் கை கொடுத்தார், நிற்காமல் நகர்ந்தார்.

சென்னை அணியின் ரசிகர்களான எங்கள் மஞ்சள் சட்டைக்காரர்களுக்கு இந்த ஓனரை முன்பே தெரியும். 2017-ல் புனே அணியில் தோனியிடமிருந்து கேப்டன் பதவியை எடுத்து ஸ்டீவ் ஸ்மித்திடம் கொடுத்தவர் இவர்தான். நேர்மையாகச் சொன்னால், கிரிக்கெட் கணக்கில் அது தப்பான முடிவு இல்லை. முந்தைய வருடம் ஏழாவதாக வந்த அணி அந்த வருடம் இறுதிப் போட்டிக்குப் போய், மும்பையிடம் ஒரே ஒரு ரன்னில் தோற்றது. என் மனதை அறுத்தது வேறு. முதல் ஆட்டத்தில் ஜெயித்ததும் ஓனரின் அண்ணன், காட்டுக்கு ராஜா யார் என்று ஸ்மித் காட்டிவிட்டார், தோனி மங்கிப்போய்விட்டார் என்ற பொருளில் ட்வீட் போட்டார். தன் குடும்பத்து அணிக்கு ஆடும் ஒருவரைப் பற்றி! பதவியை எடுப்பது நிர்வாகம் பார்த்துச் செய்கிற வேலை. எடுத்தபின் ஊரறியக் குத்திக்காட்டுவது எந்த நிர்வாகத்திலும் வராது.

சென்னையில் இப்படி நடந்ததில்லை. ஸ்டீபன் பிளெமிங் 2009-ல் பயிற்சியாளர் ஆனார், அதற்குப் பிறகு 2025 வரை சென்னைக்கு வேறு பயிற்சியாளரே வந்ததில்லை. 2020-ல் முதல்முறையாக பிளே ஆஃபுக்குப் போகாமல் ஏழாவதாக வந்தார்கள். வேறு அணியாக இருந்தால் பாதிப் பேரை மாற்றியிருப்பார்கள். இங்கே அதே தோனி, அதே பிளெமிங், 2021-ல் கோப்பை. 2022-ல் ஒன்பதாவது, 2023-ல் மறுபடி கோப்பை. சென்னையின் ஓனர் என். ஸ்ரீனிவாசன், அணி தோற்ற அன்று மைதானத்தில் இறங்கி யாரிடமும் கையை நீட்டிப் பேசி நான் பார்த்ததே இல்லை. 2025-ல் கடைசி இடத்துக்கு வந்தபோது அந்தப் பொறுமை அளவுக்கு மீறிப் போய்விட்டதோ என்று தோன்றியது. ஆனாலும் ஒரு ஓனரிடம் நான் முதலில் தேடுவது அந்தக் குணத்தைத்தான்.

இத்தோடு நிறுத்தினால் என் நண்பர்கள் எல்லோரும் லைக் போடுவார்கள். நிறுத்த முடியவில்லை, ஏனென்றால் தோனி புனேவுக்குப் போனதற்குக் காரணம் கோயங்கா இல்லை. நம்ம ஓனர்.

2013 மே மாதம் ஸ்ரீனிவாசனின் மருமகன் குருநாத் மெய்யப்பன் பந்தய வழக்கில் மும்பையில் கைதானார். ஆட்டத்துக்கு ஆட்டம் அணியோடு டக் அவுட்டில், மைதான ஓரத்து வீரர்கள் இருக்கையில், உட்கார்ந்திருந்தவரை, அவர் ஓனரும் இல்லை, முக்கியப் பொறுப்பில் இருப்பவரும் இல்லை, வெறும் கிரிக்கெட் ஆர்வலர் என்றார்கள். அவர் அணியின் நிர்வாகிதான், பந்தயம் கட்டியதும் உண்மை என்று உச்ச நீதிமன்றம் அமைத்த முத்கல் குழு 2014-ல் சொன்னது. 2015 ஜூலையில் அதே நீதிமன்றம் அமைத்த லோதா குழு சென்னைக்கும் ராஜஸ்தானுக்கும் இரண்டு வருடத் தடை விதித்தது. 2016, 2017 இரண்டு கோடையிலும் சேப்பாக்கத்தில் ஐ.பி.எல். இல்லை.

மருமகன் விவகாரம் மேலே தெரிந்த புண், அவ்வளவுதான். இந்திய கிரிக்கெட் வாரியத்தின் பொறுப்பிலேயே இருந்துகொண்டு அணிக்கும் ஓனராக இருந்தார் ஸ்ரீனிவாசன். நிர்வாகிகளுக்கு வணிக ஆதாயம் கூடாது என்ற விதியை ஐ.பி.எல். போன்ற போட்டிகளுக்காக 2008-ல் தளர்த்தினார்கள். 2015 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அந்தத் திருத்தத்தை ரத்து செய்தது. ஆஸ்திரேலியாவில் இந்தியா உதைபட்ட சமயத்தில் தேர்வுக்குழு தோனியைக் கேப்டன் பதவியிலிருந்து மாற்ற நினைத்தது, வாரியத் தலைவராக இருந்த ஸ்ரீனிவாசன் அதைத் தடுத்தார். இதை அவரே பிற்பாடு ஒத்துக்கொண்டார். தோனியை மாற்றாதது எனக்கு அப்போது சந்தோஷம். ஆனால் இந்திய கேப்டன் யார் என்று முடிவு செய்கிறவரின் சொந்த அணிக்கும் அதே ஆள்தான் கேப்டன். மும்பைக்காரரோ டெல்லிக்காரரோ அதை எப்படிப் பார்த்திருப்பார்? நான் அவர் இடத்தில் இருந்தால் கத்தியிருப்பேன்.

2013-ல் நான் இதே பக்கத்தில் "மருமகன் செய்ததற்கு அணி என்ன செய்யும்?" என்று எழுதினேன். அது தவறு. வீரர்களை நன்றாக நடத்திய ஓனர் என்பதால், அவர் ஆட்டத்துக்குச் செய்ததைப் பார்க்க மறுத்தேன். கடைசியில் அதற்கான விலையைக் கொடுத்தது ஆடியவர்களும் பார்த்தவர்களும்தான். தோனி புனேவுக்கும் ரெய்னா குஜராத்துக்கும் போனார்கள். நாங்கள் டி.வி.யை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தோம்.

இவ்வளவு பேசியபின்னும் பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் விடக் கூடாது. கொச்சி அணி 2011-ல் ஒரே சீசனோடு கலைந்தது. அதில் ஆடிய பிராட் ஹாட்ஜ், வீரர்களுக்கு 35 சதவீதச் சம்பளம் இன்னும் வரவில்லை என்று 2021-ல், பத்து வருடம் கழித்து, ட்வீட் போட்டார். சம்பளத்தைக் கொடுக்காத ஓனரைப் பற்றி நல்லவரா கெட்டவரா என்று விவாதிக்கவே எனக்கு விருப்பமில்லை.

அப்புறம் 2018. இரண்டு வருடம் கழித்து சென்னை திரும்பி வந்தது. சேப்பாக்கத்தில் ஒரே ஒரு ஆட்டம் நடந்தது, காவிரிப் போராட்டம் உச்சத்தில் இருந்த நேரம், மீதி ஆட்டங்களைப் புனேவுக்கு மாற்றிவிட்டார்கள். போராட்டத்தின் நியாயம் எனக்குப் புரிந்தது. ஆனாலும் அன்று இரவு சாப்பிடப் பிடிக்கவில்லை. அப்போதுதான் நிர்வாகம் ஏறக்குறைய ஆயிரம் ரசிகர்களுக்குத் தனி ரயில் ஏற்பாடு செய்தது. பயணம், சாப்பாடு, தங்குமிடம் எல்லாம் அவர்கள் செலவு. விசில் போடு எக்ஸ்பிரஸ்.

என் தம்பி அதில் போனான். ஏப்ரல் 20, ராஜஸ்தானோடு ஆட்டம், நம்ம வாட்சன் 106 ரன். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு மேல் போன் அடித்தான். விசில் அடித்து அடித்துத் தொண்டையே போயிருந்தது. "அண்ணா, புனே மாதிரியே இல்லண்ணா" என்றான். அதற்குமேல் பேச்சு வரவில்லை, பின்னால் கூட்டத்தின் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது. அவன் போனை வைக்கும்வரை நானும் எதுவும் பேசாமல் அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.