தடிக்காத சவர்க்காரம்

(மாங்குளத்தில் ஒரு பலசரக்குக் கடை. தவமணி வீட்டில் திரவச் சவர்க்காரம் காய்ச்சிக் கடைக்குக் கொடுப்பவர். கடைக்கார அண்ணை கதிரையை விட்டு எழும்பி வந்து வரவேற்கிறார். அது நல்ல சகுனமே இல்லை.)

அண்ணை: பிள்ளை, நீ தந்த சவர்க்காரம் ஒரு போத்தலும் போகவில்லை.

தவமணி: ஏன் அண்ணை, அழுக்குப் போகவில்லையாமோ?

அண்ணை: வாங்கினால்தானே அழுக்குப் போவதற்கு! சனம் போத்தலைச் சரித்துப் பார்க்குது. தண்ணியாக ஓடுது என்று வைத்துவிட்டுப் போகுது.

தவமணி: அழுக்கை எடுப்பது சவர்க்காரம் அண்ணை, தடிப்பு இல்லை. கம்பனிச் சாமான்கள் பலவற்றில் உப்புப் போட்டுத்தான் தடிக்க வைக்கிறார்கள்.

அண்ணை: அது எனக்கும் தெரியும். அதனால்தான்...

தவமணி: அதனால்தான்?

அண்ணை: ஆனையிறவு உப்பில் ஒரு பிடி போட்டேன்.

தவமணி: எந்தப் போத்தலில்?

அண்ணை: கானில்.

தவமணி: முழுக் கானிலுமா!

அண்ணை: ஒரு பிடிக்குத் தடிக்கவில்லை. பிறகு போட்டதைக் கணக்குப் பார்க்கவில்லை. கடைசியில் மேலே ஏடு கட்டி, கீழே உப்புத் தண்ணி நின்றது.

தவமணி: நிற்கும்தானே! அது தனித் தேங்காய் எண்ணெயில் செய்தது, உப்புக்குத் தடிக்காது. கூடிப்போனால் பிரிந்துவிடும். ஒலிவ் எண்ணெயில் செய்ததென்றால், ஒரு பங்கு உப்பை நாலு பங்கு தண்ணியில் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக விடத் தடிக்கும். அதுவும் அளவு தாண்டினால் திரும்ப இளகும்.

அண்ணை: அப்ப ஒலிவ் எண்ணெயிலேயே செய்யன்.

தவமணி: அதன் விலையைக் கேட்டுவிட்டுத்தான் தேங்காய் எண்ணெயில் நிற்கிறேன்.

அண்ணை: சரி, உப்புப் போட்ட கானை விடு. மற்றதுக்கு வீட்டுக்காரி தேசிக்காய் பிழியச் சொன்னா.

தவமணி: ஐயோ அண்ணை! புளி பட்டால் சவர்க்காரம் உடைந்து கொழுப்பு வெளியே வந்துவிடும். பார்க்க வெள்ளையாக இருந்திருக்குமே?

அண்ணை: ஓம். நானும் ‘பால் ஷாம்பு’ என்று எழுதி ஒட்டினேன்.

தவமணி: ஆரும் வாங்கினார்களோ?

அண்ணை: உன் மாமிதான். முழுகின பிறகும் தலையில் எண்ணெய் நிற்குதாம். எண்ணெய் வைக்கும் செலவு மிச்சம், இன்னொரு போத்தல் எடுத்து வை என்கிறா.

தவமணி: (மூக்கைப் பொத்தியபடி) அந்தச் சின்னக் கானில் என்ன?

அண்ணை: அதுதான் நீ தந்த சீயாக்காய்த் தண்ணி. சோளமாக் கஞ்சி காய்ச்சி விட்டேன். முதல் நாள் என்ன வடிவான தடிப்பு!

தவமணி: அவித்த சாமான் மா போடாமலே சில நாளில் புளிக்கும். குளிரூட்டியில் வையுங்கோ என்றுதானே சொன்னேன்? அதுக்குத் தடிப்பு வேண்டுமென்றால் வெந்தயம் சேர்த்து அவிப்பேன், செவ்வரத்தை இலை கசக்கிப் போடுவேன். நீங்கள் தலைக்கும் சேர்த்துக் கஞ்சி போட்டிருக்கிறீர்கள்.

அண்ணை: சவர்க்காரத்துக்கு வேறு வழியே இல்லையோ?

தவமணி: சாந்தன் கம் என்று ஒரு தூள் இருக்குது, பேக்கரிக்காரர் பாவிக்கிறது. 100 கிராமுக்கு அரைக் கிராமில் இருந்து ஒரு கிராம் வரை போதும். முதலில் கிளிசரினில் குழைக்க வேண்டும். நேரே கொட்டினால் கட்டிபட்டு நிற்கும்.

அண்ணை: கட்டிபட்டால் கட்டிச் சவர்க்காரம் என்று விற்கலாமே!

தவமணி: நீங்கள் ஒன்றும் கொட்ட வேண்டாம்! தண்ணியாகவே இருக்கட்டும். அமத்தினால் நுரையாக வரும் போத்தல் இருக்குது. அதுக்குத் தண்ணிப் பதம்தான் வேண்டும், தடித்தால் அடைக்கும். அதில் விட்டு வைத்தால் ஒருவரும் சரித்துப் பார்க்க மாட்டினம்.

அண்ணை: இதை முதலே சொல்லியிருக்கலாமே! போத்தல் என்ன விலை?

தவமணி: உள்ளே இருக்கிற சவர்க்காரத்தை விடக் கூட.

அண்ணை: (யோசித்து) அப்ப போத்தலை விற்போம் பிள்ளை. சவர்க்காரத்தைச் சும்மா கொடுப்போம்.